கழற்றிய தேதி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன, அவை சரி. வயது நாற்பத்தெட்டு. வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடங்களாக ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். மேற்படி விலாசத்தில் நானும் என் கணவரும் மட்டும் வசிக்கிறோம். கணவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு தனியார் பள்ளியில் பேருந்துகளுக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். எங்களுக்குத் திருமணமாகிப் பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. இந்த வாக்குமூலத்தை, யாரும் அழைக்காமல், நானாகவே நிலையத்துக்கு வந்து கொடுக்கிறேன்.

விபத்தில் சம்பந்தப்பட்ட மோட்டார் சைக்கிள் என் பெயரில் உள்ளது. ஒன்பது வருடங்களுக்கு முன் பழைய வண்டியாக வாங்கினேன். வாங்கிய வருடம் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். மாற்றியாகிவிட்டது என்றார்கள். சந்தேகமாக இருந்ததால் வீட்டில் கொஞ்சம் வடித்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். பழைய ஆயில்தான். அன்று முதல் வண்டியின் வழக்கமான வேலைகளை நானே செய்து வருகிறேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலையில், வீட்டு முன்புறத்தில் செய்தித்தாள் விரித்து, செயினை மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து எண்ணெய் விடுவேன். டயர் காற்று, பிரேக் மிதியின் ஆட்டம், பிளக், கேபிள்கள் ஆகியவற்றைப் பார்ப்பேன். செய்ததைக் கிலோமீட்டருடன் ஒரு நோட்டில் எழுதுவேன். அப்போதெல்லாம் என் கணவர் வாசலில் காபியுடன் நின்று பக்கத்து வீட்டாரிடம், "எங்க வீட்டு மெக்கானிக்கம்மா வண்டியைத் தலைக்குக் குளிப்பாட்டறாங்க, யாரும் கிட்ட வராதீங்க" என்று சொல்வது வழக்கம். அதை நான் பொருட்படுத்தியதில்லை.

இந்த வருடம் மூன்றாம் மாதம் பதினான்காம் தேதி பின்சக்கரத்தின் பிரேக் ஷூக்களை மாற்றினேன். டிரம்முக்குள் இரண்டு பக்கமும் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும் பாகம் அது. புதிய ஜோடியைத் தெருமுனை உதிரிபாகக் கடையில் வாங்கினேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். கழற்றிய பழைய பாகங்களை நான் எறிவதில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். ஒரு ஜோடி எத்தனை கிலோமீட்டர் வருகிறது என்று தெரிந்தால் அடுத்ததை எப்போது வாங்குவது என்று தெரியும், அதற்காக. கழற்றியதன் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்து நோட்டில் எழுதுவேன். பிறகு அதன் உலோக விளிம்பில் காம்பஸ் முள்ளால் கழற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கீறி வைப்பேன். இப்படிக் கீறுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. நான் ஊரில் இல்லாத சமயம் உதவட்டும் என்று, பின்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் முறையை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். கீறும் விஷயம் அதில் இல்லை.

இம்மாதம் ஆறாம் தேதி வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, தன் ஸ்கூட்டரில் காற்று இறங்கிவிட்டது என்று சொல்லி என் கணவர் என் வண்டியை எடுத்துச் சென்றார். ஏழு மணிக்குத் திரும்பினார். வீட்டுக்குள் வராமல் தோட்டக் குழாயை மாட்டி வண்டியைக் கழுவினார். பத்தொன்பது வருடங்களில் அவர் எந்த வண்டியையும் கழுவி நான் பார்த்ததில்லை. கேட்டபோது, "நாய் குறுக்க வந்துடுச்சு. சாகல, ஓடிடுச்சு" என்றார். துணி துவைக்கும் சோப்புத்தூளைப் போட்டுச் செயின் வரை தேய்த்திருந்தார். ஒரு மாத எண்ணெய் முழுவதும் போய்விட்டது. அதற்காக நான் அவரிடம் கோபப்பட்டேன். அன்று என் கோபம் அது ஒன்றுக்காக மட்டுமே என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்கிறேன். அதன் பிறகு அவர் தன் வலது கால் ஷூவை மட்டும் எடுத்துப் போய்க் குளியலறையில் அடிப்பாகத்தைத் தேய்த்தார். என் துணி துவைக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். அதன் பிறகு குளித்துவிட்டு வந்து, சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்ப வண்டியை எடுக்கப் போனேன். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கம்பியின் இடுக்கில் ஒரு துணிக் கிழிசல் மாட்டியிருந்தது. பச்சை நிறம், நான்கு விரல் அகலம், துவைக்காத புதுத் துணி. ஓரத்தில் தையற்காரர்கள் போடும் வெள்ளைச் சாக்குக்கட்டிக் கோடு இருந்தது. என் கணவரிடம் காட்டினேன். "குப்பைமேல ஏறியிருக்கும்" என்றார். அதன் பிறகு, "வண்டி ஈரமா இருக்கு, நீ பஸ்ஸுல போ. நான் இன்னைக்கு லீவுதான், பாத்து வைக்கறேன்" என்றார். நான் பேருந்தில் போனேன். நாய் துணி உடுத்துவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தக் கிழிசலைக் கருவிப்பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், அன்று முழுவதும் எட்டுக் குடிநீர் மாதிரிகளைப் பரிசோதித்தேன். அந்தக் கிழிசலை இன்று இந்த நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன்.

அன்று மாலை திரும்பியபோது வண்டி அதே இடத்தில் நின்றது. முன்புறத்தைப் பெருக்கும்போது துடைப்பத்தில் ஒரு வாஷர் மாட்டியது. பின்சக்கர அச்சில் நட்டுக்கு அடியில் போடுவது. வண்டியைப் பிரித்துப் பூட்டிய பிறகு கையில் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது. மிச்சம் இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "நான் எதுக்கு அதைத் தொடப் போறேன்? உன் சாமான்னாலே எனக்கு அலர்ஜி" என்று சொல்லித் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அவருடைய நகக்கண்களில் கிரீஸ் இருந்தது. அதே விரல்களால் முறுக்கு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

எட்டாம் தேதி, இரண்டாம் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நான் செய்தித்தாள் விரித்து வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றும்போது இந்த நிலையத்திலிருந்து உதவி ஆய்வாளரும் ஒரு காவலரும் வந்தார்கள். கடைத்தெருக் கேமராவில் வண்டி எண் தெரிந்ததாகவும், சாலையைக் கடந்த ஒரு தையற்காரப் பெண்மணியின் வலது தொடை எலும்பு முறிந்திருப்பதாகவும் சொன்னார்கள். அப்போதுதான் மனிதர்மேல் மோதியது என்பதை நான் காதால் கேட்டேன். என் கணவர் அதிர்ச்சி அடையவில்லை. தயாராக இருந்தார். "சார், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மிதிக்கறேன், பிரேக் புடிக்கவே இல்ல. இவங்கதான் எல்லாத்தையும் வீட்லயே பண்ணுவாங்க. வீடியோ பாத்துப் பண்றது. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், கடையில விடுன்னு. யார் கேக்கறா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குழந்தையிடம் பேசும் குரலில், "பரவாயில்லம்மா, நீ வேணும்னா பண்ணின?" என்றார். உதவி ஆய்வாளர் என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். வண்டியைக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் போன பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். பழைய பிரேக் ஷூ ஜோடி இல்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'அச்சு நட்டைக் கழற்றவும்' என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், கிரீஸ் படிந்த பெருவிரல் தடம் இருந்தது. என் நோட்டைப் பார்த்து, என் கருவிகளைக் கொண்டு, நல்ல ஷூவை எடுத்துவிட்டுத் தேய்ந்ததை மாட்டியிருக்கிறார் என்று ஊகித்தேன். முன்சக்கரத்தைத் தொடவில்லை. பேருந்துகளுடன் இருப்பவர், பிரேக் என்றால் காலால் மிதிப்பது மட்டும்தான் என்று நினைத்திருக்கலாம்.

அன்று மதியம் என் கணவரின் அக்கா வந்தார். அவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர், எனக்கு உடம்பு முடியாதபோது பதினைந்து நாள் சமைத்துப் போட்டவர். என் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

"ஒரே ஒரு வார்த்தை. 'நான்தான் சரியாப் பூட்டல'ன்னு. வார்த்தைதானே, சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"சொன்னா கேஸ் என் மேல வரும் அண்ணி."

"வந்தா என்ன? பொம்பளை, தெரியாம செஞ்சிட்டான்னு ரெண்டு புத்தி சொல்லி விட்டுடுவான். அவனுக்கு அப்படியா? பஸ்ஸுக்குப் பொறுப்பா இருக்கறவன் மேல வண்டி கேஸுன்னா ஸ்கூல்ல வச்சிருப்பானா?"

"நானும் வேலைக்குப் போறேன் அண்ணி."

"போற, இல்லேங்கல. தண்ணியை பாட்டில்ல புடிச்சு வெளிச்சத்துல பாக்கற வேலை. அதை யாரு உங்கிட்டேர்ந்து புடுங்கப் போறா?"

அந்தப் பெண்மணிக்குக் கால் முறிந்திருக்கிறது என்று சொன்னேன். "ஐயோ பாவம்தான். அதுக்காக நம்ம கால நாமே முறிச்சுக்கணுமா?" என்றார். என் கணவர் அடுத்த அறையில் இருந்தார். கட்டில் சத்தம்கூடக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அண்ணியை அனுப்பினேன். யோசிக்கவும் செய்தேன். ஒப்புக்கொண்டால் வீட்டில் யாருக்கும் முகம் கோணாது என்பது உண்மை. அன்றிரவுக்குள் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒன்பதாம் தேதி ஞாயிறு காலை குளியலறைக் குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். எனக்கு மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை; அதற்காக வைத்திருக்கும் மூடி போட்ட சிறு தொட்டி அது. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அடியில், நான் சுற்றிப் போட்ட பொட்டலங்களுக்குக் கீழே, அதே மாதிரி செய்தித்தாளில் சுற்றிய இன்னொரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். நான் ஐந்து மாதங்களுக்கு முன் பூட்டிய பிரேக் ஷூ ஜோடி. இந்த இடத்தில் எழுத்தர் பேனாவை நிறுத்தினார். எழுதலாம் என்று நான் சொன்னேன். வேறெங்கும் எறியாமல் அதில் ஏன் போட்டார் என்று எனக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் அதைக் கிளறமாட்டார்கள் என்பது அவர் கணக்காக இருக்கலாம். ஆனால் அந்தத் தொட்டியைக் காலி செய்வது நான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வருடங்களில் ஒருமுறைகூட அவர் அதைத் தூக்கியதில்லை. அது தானாகக் காலியாகிறது என்று நினைத்திருக்கலாம். கையைக் கழுவினேன். அதன் பிறகு இன்னொரு முறை கழுவினேன்.

அதன் பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனேன். எலும்பு முறிவுப் பிரிவில் கடைசிக் கட்டிலில் தையற்காரப் பெண்மணி படுத்திருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உடன் அவருடைய தங்கை இருந்தார். வண்டி என்னுடையது என்று சொன்னதும் தங்கை எழுந்து, "வந்துட்டாங்க, வாபஸ் வாங்கச் சொல்ல. கையில பழம் கூட இல்ல பாரு" என்றார். தையற்காரர், "இருடி. வந்தவங்க வாயத் தொறக்கட்டும்" என்றார். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்கிறார்கள், உங்களுக்கு என்ன நினைவிருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். நான் நேரில் பார்த்ததல்ல.

"பிரேக்கா? நல்லாத்தாம்மா புடிச்சுது. கிறீச்சுன்னு சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். தட்டி வுழுந்தேன், என் காலு மேல வந்து நின்னுச்சு. நின்னுச்சும்மா, ஓடல. எறங்குனாரு. காதுல போனு. 'ஒரு நிமிஷம் லைன்ல இருங்க'ன்னு போன்ல சொன்னாரு. நான் என்னைத் தூக்கத்தான் போறாருன்னு கையக் குடுத்தேன். ஷூக் காலால என் காலை இந்தப் பக்கம் தள்ளிவுட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு."

தங்கை, "இப்ப பிரேக் புடிக்கலன்னு எழுதிட்டாங்களாம். இவ மயக்கத்துல ஒளறறாளாம், ஸ்டேஷன்லேர்ந்து வந்தவரு சொல்றாரு" என்றார். தையற்காரர் என்னைப் பார்த்து, "நான் மயங்கவே இல்ல. மயங்கியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். நான் பூட்டிய பிரேக் பிடித்தது என்பதில் அப்போது எனக்கு எந்தத் திருப்தியும் ஏற்படவில்லை. என் கணவர் வலது கால் ஷூவைத் தேய்த்த பிரஷ் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை அதே பிரஷ்ஷால் என் துணிகளைத் துவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் துணிகளைத் தனியே கட்டி வைத்தேன்.

இன்று பத்தாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டு, உதிரிபாகக் கடை ரசீது, தொட்டியில் கிடைத்த பிரேக் ஷூ ஜோடி, மிச்சமான வாஷர், துணிக் கிழிசல் ஆகியவற்றுடன் நிலையத்துக்கு வந்து, பின்சக்கரத்தை என் முன்னிலையில் திறக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டேன். பதினொன்றரை மணிக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் வந்தார். தகவல் தெரிந்து என் கணவரும் வந்தார். நிலைய வளாகத்தில் சக்கரத்தைக் கழற்றினார்கள். அச்சில் ஒரு வாஷர் குறைவாக இருந்தது. உள்ளே இருந்த ஷூக்கள் தேய்ந்தவை. என் கணவர் உடனே, "பாத்தீங்களா சார்?" என்றார். வாகன ஆய்வாளர் அவற்றைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"யாரும்மா இதுல நம்பர் கீறினது?"

"நான்."

"மாட்டின தேதியா?"

"கழட்டின தேதி. மாட்டறதுல நான் எதுவும் எழுதறதில்ல."

"கழட்டினதுன்னா இது எப்படி உள்ள இருக்கு?"

என் கணவர், "சார், அவ குழப்பிக்கிட்டுப் பழசையே திரும்ப மாட்டியிருப்பா. வயசாகுதில்ல" என்றார்.

அதற்கு நான் நோட்டைக் காட்டினேன். கழற்றியபோது 41,260 கிலோமீட்டர், தடிமன் 1.8 மில்லிமீட்டர். இப்போது வண்டி காட்டுவது 44,790. அதையே திரும்ப மாட்டி மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால், இதுவரை தேய்ந்த கணக்குப்படி 1.4 அளவுக்கு வந்திருக்க வேண்டும். வாகன ஆய்வாளர் தன் அளவுகோலில் அளந்தார். 1.8 இருந்தது. தொட்டியில் கிடைத்ததையும் அளந்தார். புதிதில் 4 இருந்தது, இப்போது 3.6 இருந்தது. இரண்டு முறை அளந்தார். "சார், இதை டீச்சர் வந்து விளக்கின மாதிரி இருக்கு. நான் தனியா என்ன எழுதறது?" என்று உதவி ஆய்வாளரிடம் சொன்னார். என் கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "அந்தத் தொட்டியில எல்லாமா கைய விடுவ? கருமம்" என்றார். அதன் பிறகு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

என் கணவருடன் எனக்கு முன்விரோதம் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. அவர் என்னை அடித்தது, கொடுமைப்படுத்தியது உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. கையை ஓங்கியதுகூட இல்லை. யாருடைய தூண்டுதலாலாவது இதைச் சொல்கிறேனா என்று கேட்கப்பட்டது. இல்லை. கட்டிய கணவருக்கு எதிராகத் தானே வந்து சொல்லக் காரணம் என்ன என்று கேட்கப்பட்டது. தையற்காரருக்கு வரும் புதன்கிழமை அறுவை சிகிச்சை. அவர் தையல் இயந்திரத்தை மிதிப்பது அந்தக் காலால்தான். இனி அது மிதிக்குமா என்பது என் கையில் இல்லை. ஆனால் நான் பேசாமல் இருந்தால், தான் கண்ணால் கண்டதை மயக்கத்தில் கண்டதாக அவர் நம்ப வேண்டிவரும். தன்னை ஒரு மனிதர் இடிக்கவில்லை, ஒரு பழைய பாகம் இடித்தது என்று மற்றவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டிவரும். வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டியது இது. திங்கட்கிழமை சொல்கிறேன்.

இதை வாசித்துக்காட்ட முன்வந்தார்கள். நானே வாங்கிப் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில், என் கணவரின் கால் அந்தப் பெண்மணியின் காலில் 'தற்செயலாகப் பட்டதாக' எழுதப்பட்டிருந்தது. அப்படி நானும் சொல்லவில்லை, அந்தப் பெண்மணியும் சொல்லவில்லை. அதை அடித்துவிட்டு, அவர் சொன்னபடி 'தள்ளினார்' என்று என் கையால் எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டிருக்கிறேன். மற்ற வரிகள் நான் சொன்னவை. எனக்குத் தெரிந்த வரை உண்மை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)